பச்சை காட்டிய ஒன்பது நாட்கள்

என் அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு நீளத் தாள் இருக்கிறது. விரித்தால் மேசையைத் தாண்டித் தரையைத் தொடும். அதில் இடமிருந்து வலமாக ஒரு கறுப்புக் கோடு, மெலிதாக நடுங்கிக்கொண்டே ஓடுகிறது. கோட்டின் மேல் அங்கங்கே பென்சிலால் சின்னச் சின்னக் குத்துக்கோடுகள் போட்டிருக்கிறேன். மொத்தம் நூற்றுப்பதினான்கு. மடித்து மடித்துத் தாள் கிழிந்து, பின்பக்கம் ஒட்டு நாடா போட்டிருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்து, “என்ன, வீட்டுப் பத்திரமா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி உள்ளே வைத்துவிட்டேன். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இப்போதும் ஒன்றும் பெரிதாகத் தெம்பு வந்துவிடவில்லை. ஆனால் ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன, இழுப்பறையைக் காலி செய்தாக வேண்டும்.

ஊரில் என்னை ‘பூகம்ப ஆபீசுக்காரர்’ என்பார்கள். போடிக்குப் பக்கத்தில் எங்கள் சிலமலையில் யார் வீட்டுச் சுவர் விரிசல் விட்டாலும், விடுப்பில் வந்திருக்கிற என்னைக் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். மேஸ்திரி சிமெண்டைக் குறைத்ததற்கு நான் என்ன செய்ய! உண்மையில் நான் பூகம்பத்தைப் பார்க்கிறவனே இல்லை. அதற்கு வேறு பிரிவு, வேறு ஆட்கள். தொலைக்காட்சியில் அவர்கள் முகம்தான் வரும். பூகம்பம் இல்லாத நேரத்தைப் பார்ப்பது என் வேலை. தரை ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. எங்கோ கடலில் அலை புரண்டால் போடி மலைப் பாறை அதை உணரும். காற்றில் மரம் ஆடினால் வேர் வழியாக மண்ணும் ஆடும். பஸ்சு, லாரி, கிணற்று மோட்டார், மாடு, மனிதர் நடப்பது எல்லாமே தரைக்குள் இறங்கும். இந்த ஓயாத சின்ன நடுக்கத்துக்குத்தான் பின்னணி இரைச்சல் என்று பெயர். ஒரு நிலையத்தில் அது கூடிவிட்டால், தூரத்திலிருந்து வருகிற மெல்லிய நடுக்கம் அதில் மூழ்கிப்போகும், கல்யாண மண்டபத்தில் காதோரம் சொல்கிற சேதி மாதிரி. அதனால் நாடு முழுக்க இருக்கிற நிலையங்களின் இரைச்சலை நாள்தோறும் பார்த்து, எங்கே கூடியிருக்கிறதோ அங்கே போனைப் போட்டு அதட்ட வேண்டும். கருவி அறைக்குள் நெல் மூட்டை அடுக்கியவரை அதட்டியிருக்கிறேன். அறைச் சுவரோடு எருமையைக் கட்டியவரை அதட்டியிருக்கிறேன். முப்பது வருஷமாக அதட்டியே குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள்.

அந்த நிலையங்களில் ஒன்று குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டச் சரிவில் இருந்தது. எங்கள் பட்டியலில் அதற்குப் போடி நிலையம் என்று பெயர். எஸ்டேட் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுக்க, பாறையைக் குடைந்து குழி எடுத்து, அதற்குள் கருவியை இறக்கி, மேலே ஓர் அறையும் சூரியத் தகடுகளும் வைத்தார்கள். அந்தப் பக்கத்துக்காரன் என்பதால் என் தலையில் கட்டினார்கள். வடக்கே தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு நான் போடி மலையைப் பார்க்கலானேன். சின்ன வயதில் சிலமலை வயல் வரப்பில் நின்றால் நீலமாகத் தெரிந்த அதே மலை இப்போது கணினித் திரையில் ஒரு கோடாக இருந்தது. ஆடி மாதக் காற்றில் கோடு தடித்துக் கிடக்கும், தை மாதத்தில் மெலியும். மற்றபடி என் ஊருக்கும் எனக்கும் பெரிய ஒட்டுறவு இருந்ததென்று சொல்ல மாட்டேன்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்ள அக்கா ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருபது வருஷம் அந்த எஸ்டேட்டிலேயே காய் எடுப்புக்குப் போனவர். குனிந்து குனிந்து ஏலச்செடித் தூரில் காய் பறித்து முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. கணவர் இல்லை. ஒரே மகளைப் போடியில் ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். நிலையத்திலிருந்து நாற்பது காலடி தள்ளி ஓர் ஒற்றை அறை வீடு; நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கென்று எஸ்டேட் விட்டது. காலையில் கதவைத் திறந்து கருவிப் பெட்டியில் மூன்று விளக்கும் எரிகிறதா என்று பார்ப்பது, தகட்டைத் துடைப்பது, குழியில் தண்ணீர் கசிந்தால் போன் பண்ணுவது, இவ்வளவுதான் சோலி. முதல் தடவை நான் போனபோது சார் சார் என்றுதான் பேசினார். சிலமலை என்று சொன்னதும் முகமே மாறிவிட்டது. “சிலமலையா? அட, அப்ப தம்பின்னு சொல்லுங்க! தோட்டந்தொரவ விட்டுப்புட்டு, இந்தக் குழிய எட்டிப் பாக்குற சோலிக்கா அம்புட்டுத் தூரம் போயிருக்கீக?” என்று கேலி பண்ணினார். அன்றிலிருந்து நான் தம்பி. ஏலக்காய் நசுக்கிப் போட்ட கட்டங்காப்பி ஒன்றும் கிடைத்தது. அந்த மணம் இரண்டு நாள் கையிலேயே இருந்தது.

போடி நிலையத்தில் தினமும் காலை ஏழு மணி வாக்கில் இரைச்சல் கூடியது. ஒரு வாரம் மூலப் பதிவை, அதாவது கணினி கூட்டிக் கழிப்பதற்கு முந்தைய அந்தக் கறுப்புக் கோட்டை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அதில் வரிசையாகக் குத்துகள் இருந்தன. அக்காவைப் போனில் பிடித்து, “காலையில ஏழு மணிக்கு அங்க என்ன பண்றீக?” என்று கேட்டேன்.

“வெறகு வெட்டுறேன். ஏன் தம்பி?”

“இன்னைக்கு நாப்பத்தி மூணு வெட்டு.”

சிரித்தார் பாருங்கள், என் காது அடைத்துவிட்டது. “ஆத்தாடி! அங்குட்டு உக்காந்துக்கிட்டு என் கோடாலிய எண்ணிக்கிட்டா இருக்கீக!” அந்த வியப்பு எனக்குப் பிடித்திருந்தது. என் வேலையைப் பார்த்து யாரும் வியந்ததில்லை. “நீங்க தும்முனாலும் எனக்குத் தெரியும் அக்கா. தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றேன். சுத்த வாய்க்கொழுப்பு. தும்மலும் தெரியாது, தினமும் பார்ப்பதும் கிடையாது. ஆனால் அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். வடக்கே ஒரு தம்பி உட்கார்ந்து நாம் நடக்கிறதைக்கூட எண்ணிக்கொண்டிருக்கிறது என்று மலை பூராவும் சொல்லி வைத்தார். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் வருகிற பெண்கள் நிலையத்தைத் தாண்டும்போது பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள் என்று கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருஷம் இரைச்சல் அதிகமான நிலையங்களை மூடப்போவதாகப் பேச்சு வந்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் நிறம் போட்டார்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பென்றால் கருவியைக் கழற்றி வேறிடம் கொண்டுபோய்விடுவார்கள். போடி சிவப்பில் இருந்தது. அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “என்னைய மருமகன் வீட்டுல போயி உக்கார வச்சுராதீக தம்பி. அவரு நல்லவருதான். ஆனாலும் வேணாம். என்ன பண்ணணும்னு சொல்லுங்க, பண்றேன்” என்றார். விறகு வெட்டுகிற இடத்தைத் தள்ளி வைக்கச் சொன்னேன், வண்டி அறைக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்றேன். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார். ஜீப் டிரைவர்களிடம் சண்டை போட்டு, வண்டியை மேல் வளைவிலேயே நிறுத்தி, ஆட்கள் இறங்கி நடக்கும்படி செய்தார். வீட்டில் வளர்த்த ஆடுகளை விற்றார். விறகு வெட்டும் இடத்தைச் சரிவில் நூறு காலடி கீழே, ஓடைப் பக்கம் ஒரு பாறைமேல் மாற்றிக்கொண்டார். வெட்டிய விறகைச் சுமையாகக் கட்டித் தலையில் வைத்து அந்தச் சரிவில் ஏறிவர வேண்டும். கூன் விழுந்த முதுகோடு தினமும் ஏறினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஓடைப் பக்கத்துப் பாறையும் நிலையத்துக் குழியின் பாறையும் ஒரே பாறை. அங்கே வெட்டினாலும் இங்கே கேட்டது. நிறம் மாறவில்லை. எனக்கு அக்காவை நினைத்தால் சங்கடமாக இருந்தது. அதனால் கணினியில் ஒரு விதி எழுதினேன்: ஒரு நொடிக்கும் குறைவான குத்துகள் பதிவின் எந்தத் துண்டில் இருந்தாலும் அந்தத் துண்டைக் கணக்கில் சேர்க்காதே. நல்ல விதிதான், விறகு வெட்டுவது நிலையத்தின் குற்றமா என்ன? என் குறிப்பேட்டில் அதற்கு விறகு விதி என்றே பெயர் வைத்தேன். மேலதிகாரி ஒப்புக்கொண்டு எல்லா நிலையங்களுக்கும் அதைப் போடச் சொன்னார். அடுத்த வாரமே போடி பச்சைக்கு வந்தது. அக்காவுக்குப் போன் பண்ணி, “பச்சை வந்துருச்சு அக்கா, மூட மாட்டாக” என்றேன். “கீழ கொண்டுபோனது வீண் போகல பாத்தீகளா!” என்று குதித்தார். ஆமாம் என்றேன். இனிமேல் மேலேயே வெட்டிக்கொள்ளுங்கள், எங்கே வெட்டினாலும் ஒன்றுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருடைய சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டேன். சந்தோஷம் என்ன சந்தோஷம், எனக்கு விளக்கிச் சொல்லச் சோம்பல். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலத் தோன்றுகிறது இப்போது.

அதற்குப் பிறகு நிலையங்கள் பெருகின. ஆட்கள் பெருகவில்லை. என் பிரிவில் ஐந்து பேர் இருந்த இடத்தில் இரண்டு பேரானோம். தலைக்கு மேல் வேலை. மூலப் பதிவைக் கண்ணால் பார்ப்பது நின்றுபோனது. காலையில் வந்ததும் தேசப்படம் ஒன்று திரையில் வரும். அதில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளிகள். சிவப்பை மட்டும் பார்ப்பேன், மஞ்சளை நேரம் இருந்தால் பார்ப்பேன். பச்சையை யார் பார்ப்பார்கள்? போடி பச்சையாகவே இருந்தது. மாதம் ஒருமுறையாக இருந்த அக்காவின் போன், மூன்று மாதத்துக்கு ஒருமுறையானது. அவர் கேட்பார்: “பாத்துக்கிட்டுத்தான இருக்கீக தம்பி?” நான் சொல்வேன்: “பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் அக்கா.” இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

ஒரு ஆண்டுக் கூட்டத்தன்று காலை அறிக்கையை முடிக்கும்போது, எந்த நிலையம் மிகவும் அமைதி என்று கணினியைக் கேட்டேன். போடி என்று சொன்னது. எனக்கே நம்ப முடியவில்லை. கடைசி ஒன்பது நாட்களில் அதன் இரைச்சல் இதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்திருந்தது. காலையில் கதவு திறக்கும் அதிர்வு இல்லை, காலடி இல்லை, ஒன்றுமே இல்லை. கடலும் காற்றும் மட்டும். தென்னாட்டிலேயே இப்படி ஒரு சுத்தமான கோடு கிடையாது. பரபரவென்று அதைப் படமாக்கிக் கூட்டத்தில் காட்டினேன். மேலதிகாரி எழுந்து நின்று, மற்ற நிலையங்களைப் பார்ப்பவர்கள் போடியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். கை தட்டினார்கள். என் வேலைக்கு முதல் தடவையாகக் கை தட்டினார்கள். இரைச்சல் கூடினால் எச்சரிக்க எத்தனையோ வரிகள் எழுதியிருக்கிறேன். குறைந்தால் ஏன் என்று கேட்க ஒரு வரிகூட எழுதியதில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

தேநீர் இடைவேளையில், அக்காவுக்கு நல்ல சேதியைச் சொல்லப் போன் பண்ணினேன். மகள் எடுத்தாள். “அம்மா தேனி ஆஸ்பத்திரியில கெடக்கு சார். இடுப்பு எலும்பு ஒடைஞ்சு போச்சு. இன்னையோட ஒம்போது நாளாச்சு” என்றாள். கையில் இருந்த பிஸ்கட்டை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

இரண்டு நாள் கழித்து மதுரையில் இறங்கித் தேனிக்குப் போனேன். அக்கா கட்டிலில் சின்னதாக இருந்தார். பக்கத்தில் மகள், எஸ்டேட் சூப்பர்வைசர், ஜீப் டிரைவர் மூவரும் நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் அக்கா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். விறகைக் கட்டித் தலையில் தூக்கி வைத்து இரண்டு எட்டு வைத்ததும், சாரலில் நனைந்து கிடந்த இலையில் கால் வழுக்கியதாம். எழ முடியவில்லை. கத்திப் பார்த்திருக்கிறார். ஓடைச் சத்தத்தில் எதுவும் மேலே போகவில்லை. கைக்கு எட்டுகிற இடத்தில் கோடாலி கிடந்தது. அதைத் திருப்பிப் பிடித்து அதன் பின்பக்கத்தால் பாறையைத் தட்டத் தொடங்கினாராம்.

“மூணு மூணாத் தட்டுனேன் தம்பி. சும்மா தட்டுனா வெறகு வெட்டுறேன்னு நெனச்சுக்குவீகல்ல? அதுக்குத்தேன் மூணு தட்டு, நிப்பாட்டு, மூணு தட்டு. தம்பி பாத்துரும், பாத்துரும்னு தட்டிக்கிட்டே கெடந்தேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு டிரைவரு வந்தாப்ல. நீங்க பாத்துட்டுத்தான அனுப்பி விட்டீக!”

சூப்பர்வைசர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு சால்வையை எடுத்து என் தோளில் போர்த்தினார். இந்த மிஷின் எங்கள் மலைக்குக் கிடைத்த வரம் என்றார். சொல்ல வேண்டிய இடம் அதுதான், சொல்லவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் டிரைவர் பின்னாலேயே வந்தார். “நான் அக்காவுக்கு ரேசன் அரிசி குடுக்க வந்தேன் சார். வீட்டுல ஆளக் காணோம்னு ஓடைப் பக்கம் எறங்கிப் பாத்தேன். என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல. முன்ன மாதிரி வாசல் வரைக்கும் வண்டி போயிருந்தா காலையிலேயே பாத்துருப்பேன். மிஷினு கெட்டுரும்னு அக்காதான் வளைவுல நிப்பாட்டச் சொல்லுச்சு” என்றார். பிறகு என் தோளில் கிடந்த சால்வையைப் பார்த்துவிட்டு, “அக்கா சொல்றபடியே இருந்துட்டுப் போகட்டும் சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்த நாளின் மூலப் பதிவை எடுத்தேன். எல்லாம் இருந்தது. ஏழே காலுக்குத் தொடங்கி மூன்று மூன்றாக, பள்ளிக்கூடத்து மணி மாதிரித் தெளிவாக இருந்தது. விறகு விதி அந்தத் துண்டுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்து அப்பால் வைத்துவிட்டு, மிச்சம் இருந்த அமைதியை எனக்குக் காட்டியிருக்கிறது. அவரைச் சிவப்பிலிருந்து காப்பாற்ற நான் எழுதிய விதி. தாளில் அச்செடுத்து, பென்சிலை வைத்துக்கொண்டு எண்ணினேன். ஒன்பது மணி வரை நன்றாகத் தெரிந்தது. அப்புறம் மூன்று இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. பதினொரு மணிக்குக் காற்று கிளம்பிக் கோடு தடித்துவிட்டது. அதற்குமேல் எது தட்டு, எது காற்று என்று பிரிக்க முடியவில்லை. நூற்றுப்பதினான்கோடு நிறுத்தினேன். முப்பது வருஷத்தில் நான் கவனமாகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. அதற்குள் மகளையே நிலையத்துக்குப் போட்டிருந்தார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றிய நிலையம் என்று எஸ்டேட் எழுதிய கடிதத்தைப் பார்த்து எங்கள் அலுவலகம் மறுபேச்சுப் பேசவில்லை. மருமகன் பாதி நாள் லாரியிலேயே இருப்பவர் என்பதால் மகள் அம்மாவோடு மேலேயே வந்து தங்கிவிட்டாள். ஊரில் ஒரு காதுகுத்துக்கு வந்த நான் போடிக்கு வந்து, குரங்கணி போய், ஜீப்பில் ஏறி, வளைவில் இறங்கி நடந்தேன். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் சொளகை வைத்து ஏலக்காயில் நல்லதையும் சொத்தையையும் பிரித்துக்கொண்டிருந்தார். கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. “வாங்க தம்பி, மெலிஞ்சு போனீக” என்றார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். “அக்கா, அன்னைக்கு நான் பாக்கல. டிரைவரை நான் அனுப்பல.”

காய் பிரிக்கிற அவர் விரல் நிற்கவே இல்லை. “தெரியும் தம்பி. டிரைவரு ரெண்டாம் நாளே சொல்லிட்டாப்ல.”

“அப்ப ஆஸ்பத்திரியில...”

“சூப்பர்வைசரு நின்னாருல்ல? மிஷினு பாத்துச்சு, தம்பி பாத்துச்சுன்னு சொன்னாத்தான ஸ்டேஷனு நிக்கும். எம் மகளுக்கு இந்தச் சோலி வேணும்ல. பாக்கலைன்னு சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?” ஒரு சொத்தைக் காயை எடுத்துத் தூரப் போட்டார். “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தட்டுனது விழுந்துச்சா அதுல?”

“விழுந்துச்சு அக்கா. எண்ணிப் பாத்தேன். நூத்திப்பதினாலு.”

“அம்புட்டுத்தானா?” அவர் முகம் சுருங்கியது. “நான் ரொம்பத் தட்டுனேனே. டிரைவரு வர்ற வரைக்கும் தட்டுனேனே தம்பி.”

காற்று வந்துவிட்டது, அதற்குமேல் தெரியவில்லை என்று ஏதோ சொன்னேன். அப்போதுதான் சரிவின் கீழே மகளின் தலை தெரிந்தது. தலைமேல் விறகுச் சுமை. ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறினாள். என் கண் போன இடத்தைப் பார்த்த அக்கா, “அவளும் கீழதான் வெட்டுறா. மேல கோடாலி படக்கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லி வச்சுருக்கேன். இப்பவும் பச்சைதான?” என்று பெருமையாகக் கேட்டார்.

சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. அந்தப் பெண்ணின் கால் ஈர இலையில் பட்டு ஒரு தரம் சறுக்கியது. சமாளித்துக்கொண்டாள். “வேணாம் அக்கா. மேலயே வெட்டச் சொல்லுங்க. வாசல்லயே வெட்டலாம். ஒண்ணும் ஆகாது. கணினி அதைச் சேத்துக்கிறதில்ல” என்றேன்.

“எப்ப இருந்து?”

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அவர் மறுபடி கேட்டார். “எப்ப இருந்து தம்பி?”

“பச்சை வந்துச்சுல்ல, அதுக்கு முந்தின வாரத்துல இருந்து. நீங்க விழுறதுக்கு மூணு வருசம் முன்னாடி.”

சொளகில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. சரிவைப் பார்த்தார், ஓடைப் பக்கத்தைப் பார்த்தார். எத்தனை சுமை என்று நினைத்திருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. மகள் வந்து சுமையை இறக்கியதும், “ஏ புள்ள, நாளையில இருந்து இங்கனயே வெட்டு” என்று மட்டும் சொன்னார். பிறகு சொளகைக் கீழே வைத்துவிட்டு, கைத்தடியை எடுத்து ஊன்றி எழுந்தார். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். உள்ளே போகிற வழியில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“காப்பி குடிச்சுட்டுப் போங்க சார்” என்றார்.

குடித்துவிட்டுத்தான் வந்தேன். ஏலக்காய் போட்டிருந்தார், எப்போதும் போல நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு போன் பண்ணும்போதெல்லாம் மகள்தான் எடுக்கிறாள். அம்மா நல்லா இருக்கு சார், தூங்குது சார் என்கிறாள்.

போடிக்கு மட்டும் விறகு விதியை எடுத்துவிட்டேன். சிவப்புக்கான வரம்பை இடையில் தளர்த்திவிட்டதால், இப்போது தேசப்படத்தில் அந்தப் புள்ளி மஞ்சளாக இருக்கிறது. ஏன் மஞ்சள் என்று மேலதிகாரி இரண்டு தடவை கேட்டார். ஆள் நடமாட்டம் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான் என்று எழுதிக் கொடுத்தேன். காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் போடியின் மூலப் பதிவைத் திறந்து ஏழு மணிக்குப் போகிறேன். கோடாலி விழுகிறதா என்று பார்க்கிறேன். இன்று முப்பத்தாறு. எனக்குப் பின்னால் வருகிறவரிடம் இதை என்ன சொல்லி ஒப்படைப்பது என்று தெரியவில்லை. எண்ணி முடித்ததும் கீழ் இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை வெளியே எடுத்தேன். பதினொரு மணிக்கு மேல், காற்றில் கோடு தடித்துக் கிடக்கிற இடத்தில் மறுபடி தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரொம்பத் தட்டுனேனே என்று அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். பென்சிலைத் தாளுக்குள்ளேயே வைத்து மடித்துவிட்டேன்.